வானூர்திக் கூடல்

நுழையும்முன்

ஆணையிடுவோர் இருக்கும் இடத்தில் ஒழுங்கு நிலவுவது இயல்பு. ஆணையிடுவோர் எவரும் இல்லாத இடத்தில், அதுவும் ஒரு சிறு பிழை உயிரையே பறித்துவிடக்கூடிய இடத்தில், ஒழுங்கு எவ்வாறு நிலவும்? அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிறு வானூர்தி நிலையங்களில் நடைபெறும் எளிய கூடல்கள் இவ்வினாவிற்கு விடை தருகின்றன. அக்கூடல்கள் அமையும் முறையையும் அவற்றின் பின்னுள்ள பொறுப்புணர்வையும் இப்பாடம் விளக்குகிறது.

கோபுரம் இல்லா நிலையங்கள்

வானூர்தி நிலையம் என்றதும் பளிங்குத் தரையும், நீண்ட வரிசைகளும், உயர்ந்த கட்டுப்பாட்டுக் கோபுரமும் நினைவிற்கு வருகின்றன. அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டிற்குரிய நிலையங்கள் ஏறத்தாழ 5,000 உள்ளன. அவற்றுள் பத்தில் ஒரு பங்கு அளவிற்கே கட்டுப்பாட்டுக் கோபுரம் உண்டு. எஞ்சியவை மிக எளியவை. ஓர் ஓடுதளம், வானூர்திகளை நிறுத்தும் சில கொட்டகைகள், எரிபொருள் தொட்டி, காற்றின் திசையைக் காட்டும் துணிக்கூம்பு ஆகியவையே பல நிலையங்களின் உடைமைகள். உழவர், மருத்துவர், ஆசிரியர், ஓய்வு பெற்றோர் எனப் பலரும் தமக்குரிய சிறு வானூர்திகளை அங்கு வைத்துப் பேணுகின்றனர்.

கோடைக்கால விடுமுறை நாள் ஒன்றின் காலையில், அத்தகைய நிலையம் ஒன்றிற்கு அண்டை ஊர்களிலிருந்து சிறு வானூர்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இறங்கும். வந்தோர் கூடி உண்பர். ஒருவர் வானூர்தியை மற்றவர் சுற்றிவந்து பார்ப்பர். பழுது பார்த்த கதைகளைப் பேசுவர். நண்பகலுக்குள் விடைபெற்றுப் பறந்து செல்வர். இதனை அந்நாட்டினர் 'ஃபிளை-இன்' என்பர். பறந்து வந்து கூடுதல் என்பது அதன் பொருள். இதனை வானூர்திக் கூடல் எனத் தமிழில் வழங்கலாம்.

கூடலின் வரலாறு

இத்தகைய கூடல்களை வளர்த்ததில் 'எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன்' என்னும் அமைப்பிற்குப் பெரும்பங்கு உண்டு. தம் கைகளாலேயே வானூர்தி கட்டும் ஆர்வம் கொண்டவர்களுக்காக, விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் 1953ஆம் ஆண்டு பால் போபெரெஸ்னி என்பவர் இதனைத் தோற்றுவித்தார். அவ்வாண்டு நடைபெற்ற முதல் கூடலில் பதிவு செய்தோர் 150 பேருக்கும் குறைவு. வந்த வானூர்திகளும் மிகச் சிலவே. 1959இல் கூடல் இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டு நகருக்கும், 1970இல் விஸ்கான்சினின் ஆஷ்காஷ் நகருக்கும் மாறியது. இன்று ஆஷ்காஷில் ஆண்டுதோறும் சூலைத் திங்களின் இறுதியில் நடைபெறும் விழாவிற்கு ஏறத்தாழ 10,000 வானூர்திகள் வருகின்றன. ஆறு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் கூடுகின்றனர்.

ஆயினும் இப்பெருவிழாவின் உயிர், சிற்றூர்களில் ஓசையின்றி நடைபெறும் எளிய கூடல்களில்தான் உள்ளது. பெருவிழாவில் வழிநடத்தக் கட்டுப்பாட்டு அலுவலர் பலர் இருப்பர். சிற்றூர்க் கூடலில் வருவோரே தம்மை வழிநடத்திக்கொள்ள வேண்டும்.

இசைவும் அழைப்பும்

எளிய கூடல் என்பதால் முன்னேற்பாடு தேவையில்லை என எண்ணுதல் தவறு. முதற்பணி, நிலைய மேலாளரின் இசைவைப் பெறுதலாகும். அந்நாளில் ஓடுதளச் சீரமைப்புப் பணி ஏதும் உள்ளதா, மருத்துவ ஊர்திகளுக்கு நிலையம் தேவைப்படுமா, எத்தனை வானூர்திகள் நிற்க இடம் உண்டு என்பனவற்றை அவர் அறிவார். வழக்கத்தைவிட மிகுதியான வானூர்திகள் வரும் என்பதை விமானிகளுக்கான அலுவல்முறை அறிவிப்பின் வழியாக வெளியிடவும் அவர் உதவுவார். எதிர்பாராத இழப்புகளுக்கான காப்பீடு குறித்தும் முன்னரே முடிவு செய்தல் வேண்டும்.

கூடலில் வானில் குட்டிக்கரணம் அடித்தல் முதலிய சாகசக் காட்சிகள் இடம்பெறுமாயின், அது எளிய கூடலாகாது. அதற்கு நடுவண் வானூர்திப் போக்குவரத்து நிருவாகத்தின் தனி இசைவு வேண்டும். ஆகவே, பறந்து வருதல், உண்ணுதல், உரையாடுதல், திரும்பிச் செல்லுதல் என்னும் எல்லைக்குள் நின்றுகொள்வதே சிறு குழுவினர்க்கு ஏற்றது.

அழைப்பிதழ் அழகாக இருப்பதைவிடப் பயனுடையதாக இருத்தல் வேண்டும். ஓடுதளத்தின் நீளம், அது தார்த்தளமா புல்தளமா என்னும் குறிப்பு, பயன்படுத்த வேண்டிய வானொலி அலைவரிசை, எரிபொருள் கிடைக்குமா என்பது, தாழப் பறக்கக் கூடாத குடியிருப்புப் பகுதிகள் ஆகியன அதில் இடம்பெறும். ஓடுதளத்தின் நீளத்தைக் குறிப்பிடுவது வெறும் செய்தியன்று. வெப்பம் மிகுந்த நாளில் காற்று அடர்த்தி குறையும். சிறகுகள் பெறும் தூக்குவிசையும் பொறியின் ஆற்றலும் குறையும். காலையில் எளிதாக வந்து இறங்கிய வானூர்தி, வெயில் ஏறியபின் பயணிகளோடும் நிறைந்த எரிபொருளோடும் மேலெழும்ப மிகுதியான ஓடுதளத்தை வேண்டும். கூடல்கள் பெரும்பாலும் காலை உணவு வேளையில் நடத்தப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நிலத்தில் ஒழுங்கு

வரும் வானூர்திகளை எங்கு நிறுத்துவது என்பது அடுத்த வினா. பயிற்சிப் பள்ளிகளிலும் தனியாரிடத்தும் மிகப் பரவலாகக் காணப்படும் செஸ்னா 172 என்னும் நான்கு இருக்கை வானூர்தியின் சிறகு விரிவு ஏறத்தாழ 11 மீட்டர். நீளம் 8 மீட்டருக்குச் சற்று மிகுதி. இரண்டு வானூர்திகளுக்கிடையே 4 மீட்டர் இடைவெளி விட்டால், ஒன்றிற்கு 15 மீட்டர் அகலம் வேண்டும். நாற்பது வானூர்திகள் வருமெனக் கொண்டால், ஒரே வரிசைக்கு 600 மீட்டர் தேவை. அத்துணை இடம் சிறு நிலையத்தில் இராது. எனவே, புல்வெளியில் பல வரிசைகள் வகுத்து, இடையே வானூர்திகள் நகர்ந்து செல்லும் வழியையும் விட வேண்டும். முந்தைய நாள் மழை பெய்திருந்தால் புல்வெளியை நடந்து பார்த்தல் நன்று. ஈரநிலத்தில் சக்கரம் புதைந்தால் சுழலும் உந்துவிசிறி மண்ணில் மோதிப் பொறியே பழுதாகக் கூடும்.

நிலத்தில் நிகழும் இடர்களுள் கொடியது உந்துவிசிறியால் விளைவது. வேகமாகச் சுழலும் விசிறியின் அலகுகள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பொறி நின்றிருக்கும்போதும் விசிறியைத் தொடுதல் கூடாது. சில வேளைகளில் கையால் அசைத்த அளவிலேயே பொறி உயிர்பெற்றுவிடும். ஆகவே, பார்வையாளர் நிற்கும் பகுதிக்கும் வானூர்திகள் நகரும் பகுதிக்கும் இடையே கயிறு கட்டப்படுகிறது. குழந்தைகளை அழைத்து வருவோரிடம் அவர்தம் கைகளைப் பற்றிக்கொள்ளுமாறு தன்னார்வலர் நினைவூட்டுவர். ஒளிரும் மேற்சட்டை அணிந்தவர்கள் கைச்சைகைகளால் வானூர்திகளை நிறுத்தும் இடத்திற்கு வழிகாட்டுவர். நின்ற வானூர்தியின் சக்கரங்களுக்கு அடைகட்டை வைக்கப்படும்; காற்று வலுத்தால் சிறகுகளும் வாலும் கயிற்றால் நிலத்தோடு பிணைக்கப்படும்.

வானில் ஒழுங்கு

கோபுரம் இல்லாத நிலையத்தில் இறங்குவதற்கு எவரும் இசைவு அளிப்பதில்லை. எவரும் மறுப்பதும் இல்லை. ஆயினும் வரும் விமானிகள் அனைவரும் ஒரே முறையைப் பின்பற்றுகின்றனர்.

ஓடுதளத்தின் இரு முனைகளிலும் எண்கள் எழுதப்பட்டிருக்கும். காந்தத் திசைகாட்டியின் பாகைகளைப் பத்தால் வகுத்து, முழு எண்ணாக்கினால் கிடைப்பது அவ்வெண். மேற்கு நோக்கிய முனைக்கு 270 பாகை என்பதால் 27 என்றும், அதன் மறுமுனைக்கு 9 என்றும் எழுதுவர். வானூர்திகள் காற்றை எதிர்த்தே இறங்கும். காற்றை எதிர்த்தே எழும்பும். துணிக்கூம்பைப் பார்த்தவுடன், எந்த எண்ணுள்ள முனையைப் பயன்படுத்த வேண்டும் என்பதை விமானி அறிந்துகொள்வார்.

அடுத்து, நிலத்திலிருந்து ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில், ஓடுதளத்திற்கு இணையாகக் காற்றின் போக்கிலேயே அவர் பறப்பார். பின்னர் இருமுறை திரும்பி, ஓடுதளத்தை நேர்நோக்கி இறங்குவார். வேறு அறிவிப்பு இல்லாதபோது திருப்பங்கள் அனைத்தும் இடப்பக்கமே அமையும். எல்லாரும் ஒரே பக்கம் திரும்புவதால், முன்னே செல்பவர் எங்கிருப்பார் என்பதைப் பின்னே வருபவர் எதிர்பார்க்க முடிகிறது.

ஒவ்வொரு திருப்பத்தின்போதும் விமானி தம் இருப்பிடத்தைப் பொது அலைவரிசையில் அறிவிப்பார். அவ்வறிவிப்பு ஊரின் பெயரில் தொடங்கி ஊரின் பெயரிலேயே முடியும். அண்மையிலுள்ள பல நிலையங்கள் ஒரே அலைவரிசையைப் பயன்படுத்துவதால், எந்த ஊரைப் பற்றிய செய்தி என்பதில் ஐயம் எழாதிருக்க இம்முறை வேண்டப்படுகிறது. அறிவிப்பு சுருக்கமாகவும் இருத்தல் வேண்டும். ஒரே அலைவரிசையில் இருவர் ஒரே நொடியில் பேசினால், பிறருக்குக் கேட்பது கீச்சொலி மட்டுமே. பிறர் பேசி முடிக்கும்வரை காத்திருத்தல் இங்கு நாகரிகம் மட்டுமன்று; உயிர்காக்கும் நெறியுமாகும்.

இத்தகைய நிலையங்கள் பலவற்றிற்கு வானொலிக் கருவியே இல்லாத பழைய வானூர்திகளும் வருவதுண்டு. அதற்குச் சட்டத் தடையும் இல்லை. ஆகவே, காதால் கேட்டதை மட்டும் நம்பாது, கண்ணால் வானத்தைத் துழாவிப் பார்த்தல் ஒவ்வொருவர்க்கும் கடமையாகிறது.

ஒரு மாலைப்பொழுது தந்த பாடம்

இந்நெறி தவறினால் விளைவது யாது என்பதை 1996ஆம் ஆண்டு நவம்பர் 19ஆம் நாள் நிகழ்ந்த ஒரு நேர்ச்சி காட்டுகிறது. அது கூடல் நாளன்று. வழக்கமான ஒரு மாலைப்பொழுது. இடம், இல்லினாய் மாநிலத்தின் குவின்சி நகருக்குரிய, கோபுரம் இல்லா வானூர்தி நிலையம். பன்னிருவருடன் ஒரு பயணியர் வானூர்தி தரையிறங்க வந்துகொண்டிருந்தது. அதன் ஓடுதளத்தைக் குறுக்கே வெட்டிச் செல்லும் மற்றோர் ஓடுதளத்தில், இருவர் இருந்த வானூர்தி ஒன்று புறப்பட நின்றது. அதன் பின்னே சிறு வானூர்தி ஒன்று காத்திருந்தது.

இறங்க வந்தவர்கள், புறப்பட நிற்பவர் காத்திருப்பாரா என வானொலியில் வினவினர். முன்னே நின்ற வானூர்தியிலிருந்து விடை வரவில்லை. பின்னே நின்ற சிறு வானூர்தியின் விமானி, தாம் காத்திருப்பதாகக் கூறினார். அக்கூற்றும் இடையில் தடைபட்டு முழுமையாகக் கேட்கவில்லை. விடையளித்தவர் முன்னே நிற்பவரே என இறங்க வந்தவர்கள் கருதிவிட்டனர். முன்னே நின்ற வானூர்தியோ புறப்பட்டு ஓடத் தொடங்கியது. ஓடுதளங்கள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் இரண்டும் மோதின. மோதலின் தாக்கம் உயிர்பிழைக்கத்தக்க அளவிலேயே இருந்தபோதிலும், பயணியர் வானூர்தியின் கதவைத் திறக்க இயலவில்லை. ஓடிவந்து உதவ முயன்றோராலும் இயலவில்லை. இரு வானூர்திகளிலும் இருந்த 14 பேரும் உயிரிழந்தனர்.

புறப்பட்ட வானூர்தியினர் பொது அலைவரிசையைக் கருத்தூன்றிக் கேளாமையும், பிற வானூர்தி வருகிறதா எனச் சரிவரப் பார்க்காமையுமே நேர்ச்சிக்குக் காரணம் என விசாரணை முடிவு கூறிற்று. தடைபட்ட வானொலி விடை தவறான புரிதலுக்கு வழிவகுத்ததும் அதில் சுட்டப்பட்டது. யார் பேசுகிறார் என்பதை உறுதிசெய்துகொள்ளாத ஒரு நொடி பதினான்கு உயிர்களைப் பறிக்கும் நேர்ச்சியில் பங்கு பெற்றது.

கூடல் நாளில் வானில் வானூர்திகள் மிகும். ஒருவரை மற்றவராகக் கருதிக்கொள்ளும் வாய்ப்பும் மிகும். எனவேதான் கூடல் அமைப்போர், வானொலியில் நலம் விசாரித்தலைத் தவிர்க்குமாறு விமானிகளை வேண்டுகின்றனர். தீயணைப்புக் கருவிகளை எளிதில் எடுக்கும் இடங்களில் வைக்கின்றனர். அண்மைத் தீயணைப்பு நிலையத்திற்கு முன்னரே செய்தி தருகின்றனர். மருத்துவ ஊர்தி வந்து செல்லும் வழியில் மகிழுந்துகளை நிறுத்த இடமளிப்பதில்லை.

வாராதிருக்கும் உரிமை

விருந்திற்கு அழைத்தவர், அழைக்கப்பட்டோர் அனைவரும் வரவேண்டும் என விரும்புவது உலக இயல்பு. வானூர்திக் கூடலை அமைப்பவர் அவ்விருப்பத்தைச் சற்று அடக்கிக்கொள்ள வேண்டியவராகிறார். நண்பர்கள் காத்திருக்கின்றனர் என்னும் எண்ணம், மேகம் தாழ்ந்த நாளிலும் ஒரு விமானியைப் புறப்படத் தூண்டலாம். பாதிவழியில் வானிலை கெட்ட பின்னும் திரும்ப விடாது தடுக்கலாம். கருவிகளின் துணைகொண்டு மேகத்தினுள் பறக்கும் பயிற்சி இல்லாதவர், மேகத்தினுள் நுழைந்தால் தம் வானூர்தி எப்பக்கம் சாய்கிறது என்பதையே உணரமாட்டார். உடலின் உணர்வு அங்கு அவரை ஏமாற்றிவிடும்.

ஆதலால் அறிந்தோர் அழைப்பிதழிலேயே மாற்று நாளைக் குறிப்பிட்டுவிடுவர். முதலில் வந்தவர்க்குப் பரிசு என்பன போன்ற விரைவைத் தூண்டும் போட்டிகளைத் தவிர்ப்பர். வர இயலாது எனத் தொலைபேசியில் கூறுபவரிடம் வருத்தம் காட்டமாட்டார். நல்ல முடிவு எனப் பாராட்டுவர். இறங்கும்போது நிலை சரியில்லை எனக் கருதி மீண்டும் மேலெழும்பிச் சுற்றி வருபவரை எள்ளி நகையாடவும் மாட்டார். எளிய கூடல் என்பதன் மெய்ப்பொருள் இதுவே. அங்கு வருவதும் வாராதிருப்பதும் விமானியின் உரிமை; அவ்வுரிமையைக் காப்பது அமைப்பாளரின் கடமை.

விருந்தும் இளையோரும்

கூடலின் உணவு பெரும்பாலும் எளியது. கல்லில் வார்த்த மாவு அடைகளும், அவற்றின்மேல் ஊற்றும் மேப்பிள் மரப்பாகும், குளம்பியும் பல இடங்களில் வழக்கமானவை. வந்தவர்களின் எண்ணிக்கை கூடலாம், குறையலாம் என்பதால், வந்தபின் சுடச்சுடச் சமைக்கத்தக்க இவ்வுணவு ஏற்றதாகிறது. அடுப்பு மூட்டும் இடம் எரிபொருள் தொட்டிக்கும் வானூர்திகளுக்கும் தொலைவில் அமைக்கப்படும். உணவிற்காகப் பெறும் சிறுதொகை, அடுத்த கூடலுக்கோ இளைஞர்தம் பயிற்சிக்கோ செலவிடப்படுவதுண்டு.

விமானிகள் மட்டுமன்றி, ஊர் மக்களும் கூடலுக்கு வருகின்றனர். நாள்தோறும் வானூர்தியின் ஓசையை மட்டும் கேட்டு வந்தவர்கள், அதனை ஓட்டுபவரின் முகத்தை அன்று காண்கின்றனர். சில கூடல்களில் சிறுவர் சிறுமியரை வானில் அழைத்துச் செல்லும் வாய்ப்பும் உண்டு. மேற்கூறிய அமைப்பு 1992இல் தொடங்கிய 'யங் ஈகிள்ஸ்' என்னும் திட்டத்தின்படி, 8 முதல் 17 வயது வரையுள்ளோரைத் தன்னார்வ விமானிகள் கட்டணமின்றி அழைத்துச் செல்கின்றனர். பெற்றோரின் எழுத்துவழி இசைவு இதற்குக் கட்டாயம். இதுவரை 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இவ்வாறு பறந்துள்ளனர்.

பறப்பதற்கு முன் விமானி ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, எரிபொருளின் அளவு, அதில் நீர் கலந்துள்ளதா என்பது, சிறகின் இணைப்புகள், சக்கரங்கள் என ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பதை அச்சிறுவர்கள் காண்கின்றனர். ஆயிரம் முறை பறந்தவரும் நினைவை நம்பாது பட்டியலை நம்புகிறார் என்பது அவர்கள் வானேறும் முன்பே தரையில் பெறும் முதற்கல்வியாகும்.

முடிவாக

நண்பகலில் இறுதி வானூர்தியும் புறப்பட்டபின், தன்னார்வலர் சிலர் ஓடுதளத்தின் ஓரமாக நடந்து, விழுந்து கிடக்கும் தாள்களையும் சிறு திருகாணிகளையும் பொறுக்குவர். ஒரு திருகாணி, அடுத்து இறங்குபவரின் உந்துவிசிறியைச் சிதைக்கவல்லது. அவர்களைக் கண்காணிக்க அங்கு எவரும் இல்லை. பாராட்டவும் எவரும் இல்லை. கோபுரம் இல்லாத நிலையத்தில் ஒவ்வொருவரும் ஒரு கோபுரமாக விளங்குகின்றனர். கட்டளைக்கு அஞ்சிக் காக்கப்படும் ஒழுங்கு, கட்டளையிடுவோர் அகன்றதும் மறையும். பிறர் உயிரும் தம் உயிர் போன்றதே என்னும் உணர்விலிருந்து பிறக்கும் ஒழுங்கோ எவரும் பாராத இடத்திலும் நிலைபெறும்.

தெரிந்து தெளிவோம்

ஆஷ்காஷ் விழாவிற்கு வரும் வானூர்திகள், ரிப்பன் என்னும் ஊரிலிருந்து ஃபிஸ்க் என்னும் சிற்றூர் வரை இருப்புப்பாதையைப் பின்பற்றி ஒன்றன்பின் ஒன்றாகப் பறக்கின்றன. ஃபிஸ்க்கில் தரையில் நிற்கும் கட்டுப்பாட்டு அலுவலர்கள் வானூர்தியின் நிறத்தையும் வகையையும் கூறி அழைப்பர். விமானிகள் வானொலியில் விடை கூறுவதில்லை. சிறகுகளை இருபக்கமும் அசைத்துக் காட்டுவர். ஓடுதளத்தில் வண்ணப் புள்ளிகள் வரையப்பட்டிருக்கும். ஒவ்வொருவரும் தமக்குக் கூறப்பட்ட வண்ணப் புள்ளியில் இறங்குவதால், ஒரே ஓடுதளத்தைச் சிறு இடைவெளியில் பலர் பயன்படுத்த முடிகிறது.

சொல்லும் பொருளும்

துணிக்கூம்பு – காற்றின் திசையையும் வலிமையையும் காட்டும் கூம்பு வடிவத் துணிப்பை
உந்துவிசிறி – சுழன்று வானூர்தியை முன்செலுத்தும் விசிறி
அடைகட்டை – சக்கரம் உருளாதவாறு முன்னும் பின்னும் வைக்கும் கட்டை
நேர்ச்சி – விபத்து
குளம்பி – காப்பி

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியில் நடைபெறும் விழா ஒன்றிற்கு வருவோரின் ஊர்திகளை நிறுத்துவதற்குரிய இடத்தை அளந்து, வரைபடம் ஒன்றை உருவாக்குக.
2. 'எவரும் பாராதபோதும் காக்கப்படும் ஒழுங்கு' என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடல் நிகழ்த்துக.
3. சிறு வானூர்தி நிலையம் ஒன்றில் நடைபெறவுள்ள கூடலுக்கு, விமானிகளுக்குத் தேவையான செய்திகள் அனைத்தும் அடங்கிய அழைப்பிதழ் ஒன்றை எழுதுக.

குறுவினா

1. ஓடுதளத்தின் முனைகளில் எழுதப்படும் எண்கள் எதனைக் குறிக்கின்றன?
2. வானொலி அறிவிப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் ஊரின் பெயரைக் கூறுவது ஏன்?

சிறுவினா

1. வெப்பம் மிகுந்த வேளையில் வானூர்தி மேலெழும்புவதில் உண்டாகும் இடர்ப்பாட்டை விளக்குக.
2. 'வாராதிருப்பதும் விமானியின் உரிமை' – இக்கூற்றைப் பாடப்பகுதியின் வழி நிறுவுக.

நெடுவினா

கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத நிலையத்தில் கூடல் நடத்துவோரும் அங்குப் பறந்து வருவோரும் மேற்கொள்ள வேண்டிய நெறிகளைக் குவின்சி நேர்ச்சியோடு இயைத்துக் கட்டுரையாக்குக.